மழை ஓய்ந்தபின் வரும் வெள்ளம்: நமீப் முதல் விக்டோரியா அருவி வரை

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வண்டியெடுத்துக்கொண்டு காட்டுவிலங்குகளையும் நிலக்காட்சிகளையும் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாதம் போனால் நல்லது?" என்பதைத்தான். நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் புறப்பட்டு நமீப் பாலைவனம், எட்டோஷா விலங்குப் பூங்கா, போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டா, சோபே ஆற்றோரப் பூங்கா என்று நகர்ந்து விக்டோரியா அருவியில் முடிக்கும் மூன்று வார வழியைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வழி முழுவதற்கும் பொருந்துகிற ஒரே மாதம் என்று ஒன்று கிடையாது. மழைக்காலம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நவம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும். ஆனால் அந்த மழையின் நீர் ஓரிடத்தில் உடனே வற்றிவிடுகிறது, ஓரிடத்துக்குச் சில வாரங்கள் கழித்து வருகிறது, இன்னோரிடத்துக்கு நான்கு மாதம் கழித்து வருகிறது, ஓரிடத்தை எட்டுவதே இல்லை. விலங்குகள் எங்கே கூடும், பாதை எங்கே மூழ்கும், அருவி கண்ணுக்குத் தெரியுமா என்பதெல்லாம் இந்தத் தாமதத்தால் முடிவாகின்றன.

நீர் எட்டாத இடம் நமீப். அதற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கும் கடல்தான். தெற்கிலிருந்து கரையோரமாக வரும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. அதன்மேல் படியும் காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழ்ந்தே கிடக்கிறது. அதற்கு மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்திருக்கிறது. காற்று மேலே எழும்பினால்தான் மழைமேகம் திரளும். எழ முடியாததால் மூடுபனி மட்டும் உருவாகி, இரவிலும் விடியற்காலையிலும் பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்து வருகிறது. ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில் ஆண்டு மழை சராசரியாக 20 மில்லிமீட்டர் அளவுதான். மூடுபனியே இங்கு உயிர்களுக்குக் குடிநீர். ஒனிமாக்ரிஸ் உங்குவிகுலாரிஸ் என்ற கறுப்பு வண்டு, பனி வரும் வேளையில் மணற்குன்றின் உச்சிக்கு ஏறி, காற்றை எதிர்நோக்கித் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். முதுகில் சேரும் துளிகள் வழிந்து வாய்க்கு வரும். ஒரே விடியலில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் குடித்த வண்டுகள் பதிவாகியிருக்கின்றன. அதைப் பார்க்க விரும்பினால் சூரியன் ஏறுமுன் குன்றில் இருக்க வேண்டும்.

நமீப்பின் நடுவே பலரும் பார்க்கப் போகும் சோசஸ்ஃப்ளேயின் மணற்குன்றுகள் சில 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அந்த மணலும் ஆற்று மணல்தான். ஆரஞ்சு ஆறு கடலில் கொட்டியதைக் கரையோர நீரோட்டம் வடக்கே தள்ளியது, அலைகள் கரையேற்றின, காற்று உள்நாட்டுக்குக் கொண்டுபோனது. மணல்மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. பக்கத்திலிருக்கும் டெட்ஃப்ளே என்ற காய்ந்த களிமண் தளத்தில் நிற்கும் கரிய மரங்கள், ட்சவுசாப் ஆறு அங்கே வந்துகொண்டிருந்த காலத்தில் வளர்ந்த ஒட்டகமுள் வேல மரங்கள். குன்றுகள் நகர்ந்து ஆற்றை மறித்ததும் அவை பட்டுப்போயின. அதாகி அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் இருக்கும். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைக்கும் ஈரம் வேண்டுமே, அது இல்லாததால் இன்னும் நிற்கின்றன. கோடாரியோ ஏறி நிற்கும் காலோ பட்டால் அதோடு போயிற்று, திரும்ப முளைக்காது. தயவுசெய்து அவற்றைத் தொட வேண்டாம்.

சோசஸ்ஃப்ளேக்குப் போகும் செஸ்ரீம் நுழைவாயிலிலிருந்து 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. கடைசி 5 கிலோமீட்டர் ஆழ்மணல். வாடகை வண்டிகள் அதிகம் சிக்குவது இந்த ஐந்து கிலோமீட்டரில்தான். வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம் இருந்தும் சிக்குகின்றன, ஏனென்றால் டயரில் காற்றைக் குறைக்காமல் இறங்கிவிடுகிறார்கள். தார்ச்சாலைக்கு 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் வைத்திருப்போம். மணலில் அந்த டயர் கத்தி போல் இறங்கும். 16 முதல் 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் டயர் தரையில் படியும் பகுதி நீளவாக்கில் கூடும், எடை பரவும், சக்கரம் மணலின் மேலேயே மிதந்து போகும். அதற்கும் கீழே குறைத்து வேகமாகத் திருப்பினால் டயர் சக்கர விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளும். ஆகவே மணலில் 40 கிலோமீட்டருக்குமேல் வேகம் வேண்டாம், சட்டென்று திருப்பவும் வேண்டாம். சக்கரம் சுழன்று வண்டி நகராவிட்டால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கி அச்சை மணலில் உட்கார வைத்துவிடும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் சரிவாக வெட்டி, இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் சுலபமான வழி. காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும், நண்பகலில் அதே தடம் உதிரும். திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடைத்துவிட வேண்டும். குறைந்த அழுத்தத்தில் வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் காற்றடிக்கும் கருவியும் அழுத்தமானியும் இல்லாத வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். நமீபியாவின் சரளைச் சாலைகளுக்கு 26 பி.எஸ்.ஐ. அளவும், 80 கிலோமீட்டருக்குள்ளான வேகமும் ஏற்றவை.

எட்டோஷாவில் கதை எளிது. நடுவே ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளை உப்புத்தளம். அதன் தெற்கு விளிம்பில், சுண்ணாம்புப் படிவம் களிமண்ணைச் சந்திக்கும் இடங்களில் நிலத்தடி நீர் ஊற்றாகக் கசிகிறது. மழைக்காலத்தில் குட்டைகள் எங்கும் இருப்பதால் விலங்குகள் பூங்கா முழுவதும் சிதறிவிடும். ஜூலைக்குப் பின் குட்டைகள் வற்றி, மொப்பேன் மரங்கள் இலையுதிர்த்து, இந்த ஊற்றுகள் மட்டும் மிஞ்சும். அப்போது தேடி அலையத் தேவையில்லை. ஒரு நீர்நிலையின் அருகே, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்தாலே போதும். பகலில் வரிக்குதிரைகளும் ஸ்பிரிங்பாக் மான்களும் வரும், மாலையில் யானைகள் வரும். கறுப்புக் காண்டாமிருகம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும், அதற்கு ஒக்காக்குவேயோ முகாமின் விளக்கொளி நீர்நிலையே சிறந்த இடம்.

எட்டோஷாவிலிருந்து வடகிழக்கே போகும்போது கால்நடை வேலி ஒன்றைக் கடப்பீர்கள். வடக்கே போவதில் தடையில்லை. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவந்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள். காட்டெருமைகள் கோமாரி நோய்க் கிருமியை நோய்க்குறி எதுவும் இல்லாமலே சுமப்பவை. அது தெற்கத்திய மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. போட்ஸ்வானாவிலும் இத்தகைய சாவடிகள் உண்டு. மருந்து நனைத்த விரிப்பில் செருப்பை மிதித்து, டயரையும் நனைத்துத்தான் போக வேண்டும். இறைச்சியைத் தேவைக்குமட்டும் வாங்கி, சாவடிக்கு முந்தைய இரவே சமைத்துவிடுவது நல்லது.

இனி ஒக்கவாங்கோ, கடலைச் சேராமல் உள்நாட்டிலேயே விரிந்து முடியும் ஆற்றின் டெல்டா. இந்த வழியில் அறிவியலுக்காக மட்டுமே போகத் தகுந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். டெல்டாவின் கீழ்முனையிலுள்ள மவுன் நகரில் ஏப்ரலோடு மழை முடிந்துவிடும். வானம் மேகமற்று, புல் காய்ந்து, ஜூன் மாதத்தில் இரவுக் குளிர் கடிக்கும். அப்போதுதான் ஆற்றில் வெள்ளம் வந்து சேரும். ஆடிப்பெருக்கில் காவிரி பெருகுவது தஞ்சாவூர் மழையால் அல்ல, குடகு மழையால்தானே. இங்கும் நீர் அயல்நிலத்து மழையே, தாமதம்தான் மிக நீண்டது. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்குகிறது. போட்ஸ்வானா எல்லையில் மொஹெம்போ என்ற இடத்தில் ஏப்ரல் வாக்கில் வெள்ளம் உச்சத்தைத் தொடும். அங்கிருந்து மவுன் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதைக் கடக்க நீருக்கு மூன்று, நான்கு மாதமாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு.

ஏன் இவ்வளவு மெதுவாக? நிலம் ஏறக்குறைய தட்டை. கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. வழியெல்லாம் பாப்பிரஸ் கோரையும் நாணலும் நீரைப் பிடித்து நிறுத்துகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னேறும் வெள்ளம் முதலில் காய்ந்த மணலின் தாகத்தைத் தீர்க்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறிய பிறகே அடுத்த அடி நகரும். முந்தைய ஆண்டு மழையும் வெள்ளமும் நன்றாக இருந்தால் மணல் ஏற்கெனவே ஈரமாயிருக்கும், வெள்ளம் வேகமாகவும் தூரமாகவும் போகும். ஆகவே மொஹெம்போவில் எவ்வளவு நீர் நுழைந்தது என்பதை மட்டும் வைத்து மவுனில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. டெல்டாவின் கீழ்விளிம்பில் குன்யேரே, தமலகானே என்ற நிலப்பிளவுகள் அணைபோல் குறுக்கே நிற்கின்றன. நுழைந்த நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே அவற்றைத் தாண்டி வெளியே ஓடுகிறது. மிச்சம் பெரும்பாலும் ஆவியாகவும் இலைகளின் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கடலைச் சேராத நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் உப்பு மிஞ்சுமே? ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் கரைந்த உப்புகள் நீரோடு உள்ளே வருகின்றன. எட்டோஷாவைப்போல இதுவும் உப்புத்தளமாகியிருக்க வேண்டும். ஆனால் ஒக்கவாங்கோ நீர் குடிக்கும்படி இனிக்கிறது. காரணம் தீவுகள். கறையான்கள் புற்றெடுத்த ஒரு மேடு நீருக்கு மேல் நிற்கும். அதன் விளிம்பில் மரங்கள் முளைக்கும். மரங்கள் பகலெல்லாம் நிலத்தடி நீரை உறிஞ்சி இலைவழியாக வெளியேற்றுவதால் சுற்றியுள்ள சதுப்பிலிருந்து நீர் தீவின் அடியை நோக்கி ஊர்கிறது. வேர்கள் நீரை எடுத்து உப்பை விட்டுவிடும். அது தீவின் நடுவே அடியில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய தீவுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளிம்பில் அத்தி போன்ற அடர்ந்த மரங்கள், உள்ளே போகப்போக உப்பைத் தாங்கும் பனைகள், நடுவில் வெள்ளை பூத்த வெறுந்தரை. சிறுநீரகம் செய்கிற வேலையை இந்த மரங்கள் செய்கின்றன. அவற்றை வெட்டினால் உப்பு சதுப்புக்குத் திரும்பிவிடும்.

ஆறு கொண்டுவரும் மணல் வாய்க்காலின் அடியில் படிந்து அதை மெல்ல உயர்த்துகிறது. ஒரு கட்டத்தில் நீர் பக்கவாட்டில் கசிந்து, நீர்யானைகள் நடந்து நடந்து பிளந்த பாதையில் புதுவாய்க்காலாக ஓடத் தொடங்கும். பழைய வாய்க்காலின் கோரை காய்ந்து, அடியிலுள்ள மட்குப்படிவம் மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். சென்ற ஆண்டு ஓடிய பாதை இந்த ஆண்டு முழங்காலளவு நீரில் இருக்கலாம், வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள். வேறு நாடுகளில் ஆற்றைக் கடக்குமுன் நடந்து பார்ப்பார்கள். இங்கே முதலையும் நீர்யானையும் இருப்பதால் அது கூடாது. முகாமில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள், அல்லது எதிரே வரும் வண்டி எந்தத் தடத்தில், எந்த ஆழத்தில் வருகிறது என்று பார்த்து அதைப் பின்பற்றுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வேறொரு ஆபத்தும் உண்டு. மழையில் வளர்ந்த புல் பாதையின் நடுமேட்டில் ஆளுயரம் நிற்கும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைக் கொதிக்க வைக்கும். வண்டியின் அடியில் சிக்கும் காய்ந்த புல் சூடான புகைக்குழாயை ஒட்டிப் பற்றிக்கொள்ளும், வண்டியே எரிந்துபோவதும் நடக்கிறது. முன்பக்கத்தில் விதைவலை கட்டுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி அடியில் பாருங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

டெல்டாவின் தென்கிழக்கே மக்கடிக்கடி உப்புத்தளம். மேலே காய்ந்த ஓடு, அடியில் மாதக்கணக்கில் குழம்பாகவே இருக்கும் களி. ஓடு உடைந்தால் வண்டி அச்சுவரை இறங்கும். ஏற்கெனவே இருக்கும் தடத்தை விட்டு விலகாதிருப்பதே காப்பு. இங்கே ஒரு வேலியின் கதையையும் சொல்ல வேண்டும். ஒக்கவாங்கோவுக்கும் மக்கடிக்கடிக்கும் நடுவே 1968 முதல் 2004 வரை கால்நடை வேலி ஒன்று நின்றது. அதை அகற்றிய சில ஆண்டுகளிலேயே வரிக்குதிரைகள் மழைக்காலப் புல்லைத் தேடி டெல்டாவிலிருந்து மக்கடிக்கடிக்கு மீண்டும் நடக்கத் தொடங்கின. வேலி போடுமுன் அந்த வழியில் நடந்த வரிக்குதிரை எதுவும் அப்போது உயிரோடிருந்திருக்காது. வேலியெடுத்தால் வலசை திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

சோபேயில் ஜூலை முதல் அக்டோபர் வரை யானைகள் ஆற்றை விட்டு விலகுவதில்லை. உள்நாட்டுக் குட்டைகள் நிரம்பும்படி மழை பெய்ததும் ஓரிரு நாளில் கலைந்துவிடும். சோபே ஆற்றங்கரை ஊரான காசானேயிலிருந்து 2021-இல் திறந்த கசுங்குலா பாலத்தின் வழியாக ஜாம்பியாவுக்குள் போகலாம்.

விக்டோரியா அருவி 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். ஜாம்பேசி ஆற்றின் வெள்ளமும் தாமதித்தே வருகிறது, ஏனென்றால் மேலே பரோட்சே வெள்ளச் சமவெளி அதைச் சில வாரங்கள் தாங்கி வைக்கிறது. ஏப்ரல் உச்சத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 3,000 கனமீட்டர் விழும். அப்போது தெறிக்கும் நீர்த்திவலை முகில்போல் மூடி அருவியையே மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் நீர் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஜாம்பியப் பக்கத்தில் பாறைதான் மிஞ்சும், ஜிம்பாப்வே பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே டெவில்ஸ் கேட்டரேக்ட் என்ற பகுதியின் விளிம்பு தாழ்ந்திருப்பதே காரணம். பசால்ட் பாறையின் விரிசலொன்றை நீர் அங்கே அரித்துக்கொண்டிருக்கிறது. கீழே வளைந்து வளைந்து போகும் மலையிடுக்குகளெல்லாம் இப்படி ஒவ்வொரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள்.

ஆகவே மாதக் கணக்கு இப்படி. ஏப்ரலில் போனால் அருவியின் முழக்கம் கிடைக்கும், மவுனில் வெள்ளம் வந்திருக்காது, எட்டோஷாவில் விலங்குகள் சிதறியிருக்கும். செப்டம்பர் கடைசியில் விலங்குகள் மிகுதி, வெயில் 40 டிகிரியைத் தொடும், அருவி மெலிந்திருக்கும். எல்லாம் ஓரளவுக்கு வேண்டுமானால் ஜூலை நடுவில் விண்ட்ஹூக்கில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரத்தில் அருவியில் முடியுங்கள். இரவில் குளிர் உறைநிலைக்கு இறங்கும், அதைத் தாங்கும் தூக்கப்பை வேண்டும். எட்டோஷாவிலும் அதற்குக் கிழக்கேயும் மலேரியா உண்டு, மாத்திரையைப் பற்றிப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.