சொல் விளக்கம்: சுயபிம்பம்

ஒருவர் தம்மைப் பற்றி மனத்துக்குள் வரைந்து வைத்திருக்கும் உருவமே சுயபிம்பம். நிறம், உயரம், முகவெட்டு ஆகியவற்றோடு ‘எனக்குக் கணக்கு வராது’, ‘நான் பேசினால் யார் கேட்பார்கள்’ போன்ற எண்ணங்களும் அதில் சேரும். ‘செல்ஃப் இமேஜ்’ (self-image) என்ற ஆங்கில உளவியல் சொல்லுக்கு ஈடாக ஆக்கப்பட்டு, இன்று வார இதழ்களிலும் மேடைப் பேச்சிலும் தாராளமாகப் புழங்குகிறது.

‘சுயம்’, ‘பிம்பம்’ இரண்டும் வடசொற்கள். பிம்பம் என்பது வட்டத்தைக் குறிக்கும். சூரிய பிம்பம், சந்திர பிம்பம் என்னும்போது அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிவந்த கோவைப்பழத்துக்கும் வடமொழியில் அதே பெயர்தான். வேதாந்த நூல்களில் பிம்பம் என்றால் அசல். நீரிலும் கண்ணாடியிலும் தெரிவது பிரதிபிம்பம். தமிழ் வழக்கில் ‘பிரதி’ நழுவிப்போய், நிழலுக்கே பிம்பம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாமும் மனத்தில் விழுந்த நிழலைத்தானே அசல் என்று நம்பிக் காலம் தள்ளுகிறோம்! அந்த நம்பிக்கைக்கு இந்தச் சொல்லும் துணைபோகிறது என்பதே என் மனத்தாங்கல்.

அந்த நிழலின் வலிமையை ஒரு சோதனை காட்டியது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்ற பெண்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து, கண்ணாடியிலும் காட்டினார்கள். பிறகு, தழும்பு கலையாமலிருக்க ஒரு பசை தடவுவதாகச் சொல்லி, அவர்கள் அறியாமல் அதை அழித்துவிட்டார்கள். அடுத்து ஒருவரோடு பேச வைத்தார்கள். பேசி முடித்தபின், எதிரில் இருந்தவர் இறுக்கமாக இருந்தார், தங்களைப் பரிதாபத்துக்குரியவராக நடத்தினார் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். எதிரில் இருந்தவர் கண்ட முகத்திலோ தழும்பே இல்லை.

சுயபிம்பத்துக்கு நேரான தமிழ்ச்சொல் எது? பழந்தமிழில் ‘பாவை’ இருக்கிறது. குறுந்தொகையின் 8-ஆம் பாட்டில் பரத்தை தலைவனை எள்ளுகிறாள்: எங்கள் வீட்டில் பெருமை பேசுகிறவன், தன் வீட்டில் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’ மனைவி விரும்பியதைச் செய்கிறான் என்று. ஆடிப்பாவை என்பது கண்ணாடியில் தெரியும் உரு. கண்ணின் மணிக்குள் தெரியும் உருவுக்கும் பாவை என்றே பெயர். ‘கருமணியிற் பாவாய்நீ போதாய்’ என்கிறது குறள் (1123). காதலிக்கு இடம் வேண்டும், நீ போய்விடு என்று அந்தப் பாவையிடம் கேட்கிறான் தலைவன். ஒருவரை நெருங்கி நின்று கண்ணுக்குள் பாருங்கள். விரல்நகத்தைவிடச் சிறியதாக நீங்களே அங்கே நிற்பீர்கள். பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்வதிலிருந்தே ‘நான்’ உருவாகிறது என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் எழுதினார். கண்ணாடி, பிறர் கண் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்கு இது எளிதில் பிடிபடும் கருத்து.

ஆனாலும் ‘பாவை’ இன்றைய காதுக்குப் பெண் என்றே ஒலிக்கிறது. ‘படிமம்’ என்பதைக் கவிதைத் திறனாய்வு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே அன்றாட எழுத்துக்குத் ‘தன்னுரு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். சிறிய சொல், பார்த்தவுடன் பொருள் விளங்கும்.

தன்னுரு திரிந்து தோன்றும்போது அதைச் சொல்லவும் ஒரு சொல் வேண்டும். ‘மருள்’ அதற்குப் பொருந்தும். பொருளல்லாதவற்றைப் பொருளென்று உணர்வதே மருள் என்பது குறள் (351). ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியும் அதே வேரில் நிற்கிறது. எலும்பு தெரிய மெலிந்த பிறகும் தம்மைப் பருமனாகவே காண்கிறவர்கள் உண்டு. அது மருத்துவ உதவி தேவைப்படும் நோய்நிலை. அந்தத் தோற்றத்தை ‘உருமருள்’ எனலாம்.

புழக்கத்தில்: ‘சிவப்பழகு விளம்பரங்கள் சிறுமிகளின் தன்னுருவைக் குலைக்கின்றன.’ ‘அவளுக்கு இருப்பது கர்வமல்ல, உருமருள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.’