பத்திரத்தில் விட்டுவந்த ரேகை

அந்த அம்மா என்னிடம் வந்தது கேஸ் போட அல்ல, மருமகளைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொல்ல.

நகரியை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர், காலமாகிவிட்டார். பழைய சித்தூர் மாவட்டத்தின் இந்தக் கோடியில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டுத் தமிழில் சண்டை போடுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுடையதும் அப்படித்தான். வீட்டுக்காரர் விட்டுப்போன மனையை விற்றபோது நான்தான் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். வந்த பணத்தில் கடனைக் கட்டிவிட்டு மீதியைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். பத்து மாதம் கழித்துப் பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனால், முப்பதாயிரம் ரூபாய் குறைகிறது. மூன்று நாள், நாளுக்குப் பத்தாயிரம்.

"ஏ.டி.எம். கார்டே நான் வாங்கல வக்கீலய்யா. பேங்குல கேட்டா, உன் வெரல வெச்சுத்தான் எடுத்துருக்குது, வூட்ல யாரையாவது போய்க் கேளும்மான்றாங்க. மருமவளக் கேட்டா கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்றா."

மூன்று வாரமாக அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. மகன் நடுவில் மாட்டிக்கொண்டு வேலூரில் வேலை தேடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். அந்த மூன்று வரிகளிலும் ஏ.இ.பி.எஸ். என்று அச்சாகியிருந்தது. ஆதாரை வைத்துப் பணம் எடுக்கிற முறைக்கு அதுதான் பெயர். வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் மளிகைக் கடைக்காரரோ செல்போன் கடைக்காரரோ ஒரு சின்ன மிஷினை வைத்துக்கொண்டு பணம் தருவார். என்ன வங்கி என்று சொல்ல வேண்டும், ஆதார் எண்ணைச் சொல்ல வேண்டும், விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கார்டு, ரகசிய எண், ஓ.டி.பி. எதுவும் கிடையாது. ஒரு தடவைக்குப் பத்தாயிரம் வரை எடுக்கலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உபகாரம், அதில் சந்தேகமில்லை. நூறு நாள் வேலைப் பணத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்குப் பஸ் ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கிற இடம் எது? அந்த அம்மாவைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான். நான் எழுதிய பத்திரம்.

ஃபைலை எடுத்துப் புரட்டியபோது எனக்கே வியர்த்துவிட்டது. முதல் பக்கத்தில் விற்பவர் பெயருக்குக் கீழே பன்னிரண்டு இலக்கமும் முழுசாக டைப் ஆகியிருந்தது. கிரயத்தொகை இன்ன வங்கியில் இன்ன கிளையில் உள்ள அவருடைய கணக்குக்கு வந்தது என்று ஒரு வாக்கியம். வீடு, மனை விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வதால் அந்த வாக்கியத்தை நாங்கள் அழுத்திப் போடுவோம். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், போட்டோவுக்குப் பக்கத்திலும் பெருவிரல் ரேகை. எங்கள் மை டப்பா நல்ல டப்பா வேறு, கோடு கோடாக எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு.

கள்ளக் கிரயத்தைத் தடுக்கத்தான் பதிவுச் சட்டத்தில் 32ஏ என்ற பிரிவை 2001-இல் சேர்த்தார்கள். போட்டோவும் விரல் ரேகையும் கட்டாயமானது அதிலிருந்துதான். ஆனால் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பதிவான கிரயங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மனுப் போட்டு நகலும் வாங்கலாம் என்கிறது. நிலம் வாங்குகிறவன் வில்லங்கம் பார்க்க வேண்டாமா, அதற்காக வைத்த வாசல் அது. ரேகை என்பது சாட்சியாக மட்டும் இருந்த காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆதார் வந்த பிறகு அதே ரேகை சாவியாகிவிட்டது. சாவியின் அச்சைப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பதித்து, எந்தப் பூட்டுக்கு என்பதையும் எழுதி, கேட்டவர் வாங்கிக்கொள்ளும்படி நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது என் கற்பனை இல்லை. 2018-லேயே தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு வியாபாரி ஒருவர் பிடிபட்டார். பதிவுத்துறை இணையதளத்திலிருந்து பத்திரங்களை எடுத்து, அதிலிருந்த ரேகைகளை ரப்பர் ஸ்டாம்பு செய்கிற முறையில் அச்சாக்கி, யார் யார் பேரிலோ ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். அவருக்கு வேண்டியது வியாபார இலக்கு மட்டும். அதே வித்தையைப் பணம் எடுக்கப் பயன்படுத்தியவர்கள் பின்னால் வந்தார்கள்.

ஆதாரின் மையத் தரவுத்தளத்தை யாரும் உடைத்ததில்லை என்று ஆதாரை வழங்கும் ஆணையம் எப்போதும் சொல்கிறது. அதை மறுப்பது என் நோக்கமில்லை. இந்த அம்மாவின் பணத்தை எடுக்க அதை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அதுதான் விஷயம். எண்கள் வெளியே இறைந்து கிடக்கின்றன. 2017 மே மாதம் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு, நான்கு அரசுத் தளங்கள் வழியாகச் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டது. அந்த நான்கில் இரண்டு எங்கள் ஆந்திராவுடையவை. ஒன்று சந்திரண்ணா பீமா என்ற காப்பீட்டுத் திட்டம், இன்னொன்று நூறு நாள் வேலைக் கூலிப் பட்டியல்.

எல்லைப்புறத்துக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, அது பெயர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி இந்தப் பக்கம் ஆந்திராவிலேயே நின்றது. ஜனங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை அதற்காக நிறுத்தவில்லை. ஏழுமலை என்று ஒருவர் இருந்தால், தெலுங்கில் ழகரம் கிடையாது என்பதால் ரேஷன் கார்டில் ஏளுமலை ஆவார். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது முன்னால் ஒரு ஒய் முளைத்து யேலுமலை. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியல், இங்கே வீட்டுப்பெயர் முன்னால். ஆக நான்கு காகிதத்தில் நான்கு ஆள். எந்த ஆபீசுக்குப் போனாலும் பெயர் ஒத்துவரவில்லை என்பார்கள், உடனே இவர் பையிலிருந்து இன்னொரு ஆதார் ஜெராக்ஸை எடுத்து நீட்டுவார். பெயர்ப் பொருத்தம் இல்லாத குறைக்கு ஆதார் நகலை ஜாமீனாகக் கொடுத்துக் கொடுத்து, எல்லையை விட்டு உள்ளே தள்ளி இருப்பவர் ஒரு நகல் கொடுக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து கொடுக்கிறார்கள்.

பதிவு அலுவலகம் எதுவானாலும் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். ஒரு நாள் அப்படியொரு கடையில் அவசரமாக ஒரு பிரின்ட் எடுக்கப் போனேன். பையன் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் என்ற இடத்தைத் திறந்தான். திரை முழுக்க ஆதார் பி.டி.எஃப்.கள். தேதிவாரியாக, மாதக்கணக்கில். நடுவில் என்னுடையதும் ஒன்று. "இதுக்கெல்லாம் பாஸ்வேர்டு இருக்குது சார், பயப்படாதீங்க" என்றான். அந்தப் பாஸ்வேர்டு என்ன? ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறகு பிறந்த வருஷம். இரண்டையும் அவனிடம் வாயால் சொல்லித்தானே எல்லாரும் பிரின்ட் எடுக்கிறார்கள்! நின்று அழிக்கச் சொன்னேன். என்னுடையதை மட்டும் அழித்தான்.

2022 மே மாதக் கடைசியில் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை விட்டது. உருப்படியான எச்சரிக்கை. இரண்டே நாளில் மத்திய அரசு, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஜனங்களுக்கு என்ன புரிந்ததோ!

சட்டம் நம் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால், பாதி நிற்கிறது என்பேன். ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் 86 வயதில் தொடுத்த வழக்கில்தான், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 26-இல் வந்த ஆதார் தீர்ப்பு நாலுக்கு ஒன்று. ரேஷன், பென்ஷன் போன்ற சலுகைகளுக்கும் பான் இணைப்புக்கும் ஆதார் கேட்கலாம் என்றது. வங்கிக் கணக்கு, சிம் கார்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. ஒப்பந்தத்தின் பேரில் தனியார் கம்பெனிகள் ஆதாரைப் பயன்படுத்த வழி விட்ட பிரிவையும் அடித்தது. அந்தப் பிரிவின் எண்ணும் 57. (இந்த எண்ணுக்கு என்ன ராசியோ.) 2019 திருத்தத்தில், விருப்பப்பட்டுக் கொடுத்தால் வங்கியும் டெலிகாமும் வாங்கிக்கொள்ளலாம் என்று பின்வாசல் திறந்தது. கவுன்ட்டரில் நிற்கிறவருக்கு விருப்பம் என்று ஒன்று இருப்பதாக யார் சொல்கிறார்கள்? ஆனாலும் அதே திருத்தத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அதுவரை ஆதார் சட்டத்தின்படி ஆணையம் புகார் செய்தால் மட்டுமே கோர்ட்டு குற்றத்தை விசாரிக்க முடியும். இப்போது பல குற்றங்களுக்குப் பாதிக்கப்பட்டவரே கோர்ட்டுக்குப் போகலாம்.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பேங்க்காரர் சொன்ன பதில்தான் என்னை உறுத்தியது. விரல் பொருந்தியதா, அப்படியானால் நீதான். கையெழுத்தை யாராவது போலியாகப் போட்டால் உலகம் நம்பும், விரலுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. விரல் பொருந்துவது வேறு, ஆள் சம்மதிப்பது வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. வங்கியும் வாடிக்கையாளரும் தப்புச் செய்யாமல் நடுவில் யாரோ எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. "வூட்ல கேளும்மா" என்பது நிரூபணம் ஆகாது.

எஸ்.எம்.எஸ். அனுப்பினோம் என்றது வங்கி. எந்த நம்பருக்கு? வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கொடுத்த, எப்போதோ கட்டாகிப்போன நம்பருக்கு. அப்புறம் ஆதார் மையத்துக்குப் போய் அம்மாவின் புது நம்பரை இணைத்து, ஆணையத்தின் தளத்தில் அவருடைய ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலை எடுத்தோம். ஆறு மாதத்துக்கு மேல் இந்தப் பதிவை வைத்திருக்கக் கூடாது என்று சொன்னதும் 2018 தீர்ப்புதான். நல்லவேளையாக ஆறு மாதம் ஆகியிருக்கவில்லை. பணம் போன மூன்று நாளில் ஒரு நாள், காலையில் ரேஷனுக்காக ஊரில் விரல் வைத்திருக்கிறார். அதே மதியம் பணம் எடுத்த மிஷின் வடக்கே வேறு மாநிலத்தில் இருந்ததாக வங்கியின் கடிதமே சொன்னது. அவரைக் கண்காணிக்கிற பதிவே அவருக்குச் சாட்சி சொன்னது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார், வங்கிக்கு எழுத்தில் புகார், முப்பது நாள் பொறுத்து ஆம்பட்ஸ்மன் எனப்படும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு மனு. இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, நானே சொல்கிறேன். ஏழாம் மாதம் முப்பதாயிரமும் வந்தது. வட்டி வரவில்லை. மருமகளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அடுப்பு மட்டும் ஒன்றாகிவிட்டதாகக் கேள்வி.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள், ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். நகலின் மேல் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதுங்கள். கைரேகைப் பதிவைப் பூட்டும் வசதி இருக்கிறது. போனும் கையுமாக இருக்கிறவர்கள் இன்றைக்கே பூட்டிவிடலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆனால் எல்லாருக்கும் இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாதம் பிறந்தால் வாசலுக்கு வருகிற நான்காயிரம் ரூபாய் பென்ஷனுக்கு விரல் வைக்க வேண்டிய கிழவிக்கு, பூட்டு என்பது இன்னொரு தொல்லை. கையில் புத்தூர் கட்டோடு ரேஷன் மிஷின் முன்னால் நிற்கிறவர்களின் பாட்டைப் பார்த்தவன் நான். அவர்களுக்கு நல்ல வழி, ஆதார் மூலம் பணம் எடுப்பதை அந்தக் கணக்கில் நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது. சில வங்கிகள் செய்கின்றன, சில இழுத்தடிக்கின்றன. எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்தாலே பாதிப் பாதுகாப்பு. போலி ரேகையைக் கண்டுபிடிக்க 2023-இல் ஆணையம் சோதனையைக் கடுமையாக்கியது உண்மைதான். அதை நம்பி மெத்தனமாக இருக்க எனக்குத் தைரியமில்லை.

பத்திரங்களில் முழு எண் போடுவதை என் ஆபீசில் நிறுத்திவிட்டோம். சில இடங்களில் முறைக்கிறார்கள், கடைசி நான்கு இலக்கம் போதும் என்று வாதாடி வாங்குகிறோம்.

பணம் வந்த பிறகு அந்த அம்மா ஒப்புகைக் கடிதத்தில் ரேகை வைக்க வந்தார். மை டப்பாவைத் திறந்து வைத்தேன். கையை நீட்டவில்லை.

"இந்தக் காயிதம் எங்க போவுது?"

"ஒண்ணு பேங்குக்கும்மா. ஒரு ஜெராக்ஸ் நம்ம ஃபைலுக்கு."

"ஒன் ஃபைலுக்கு எதுக்கு என் வெரலு?"

குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ரேகை வைப்பதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.