கிராண்ட் கிரீனின் கிட்டாரும் சுழலும் சக்கரங்களும்

1961 ஜனவரி 28. நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஊரில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் வாசித்தார்கள்: கிட்டாரில் கிராண்ட் கிரீன், மின்சாரத்தில் ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியமான ஹாமண்ட் ஆர்கனில் பேபி ஃபேஸ் வில்லெட், டிரம்ஸில் பென் டிக்ஸன். அன்று பதிவானதுதான் ‘கிராண்ட்ஸ் ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட்’. ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான ப்ளூ நோட் கிரீன் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் அது. இரண்டு மாதங்களுக்கு முன் அவர் தலைமையில் நடந்த இன்னொரு பதிவு 2001இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் வாத்தியத்தை வாசிப்பவர் இல்லை, பியானோ இல்லை. ஆனாலும் இசை நிறைந்து வழிகிறது. கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கிறது. நிறைவும் தெளிவும் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம். ப்ளூஸும் காஸ்பலும் கலந்த ஜாஸ் வகையான சோல் ஜாஸில் ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் கூட்டணி அதைச் சாதிப்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

காந்தப்புலம் மாறினால் அருகிலிருக்கும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மின்கிட்டார், ஹாமண்ட் ஆர்கன் இரண்டுமே அந்த விதியில்தான் பேசுகின்றன. கிட்டார் தந்திகளுக்குக் கீழே பிக்கப் இருக்கிறது: காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலமும் ஆடுகிறது. சுருளில் அதே அதிர்வெண்ணில் மின்சாரம் பிறக்கிறது.

ஆர்கனில் தந்தியின் வேலையைச் செய்வது சக்கரம். உள்ளே 91 எஃகுச் சக்கரங்களை ஒரே மோட்டார் சுழற்றிக்கொண்டே இருக்கும். விளிம்பில் மேடுகள், ஒவ்வொரு மேடும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் ஒரு துடிப்பு. 16 மேடுகள் கொண்ட சக்கரம் நொடிக்கு 27.5 முறை சுழன்றால் 440 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் அதே ‘ஏ’ சுரம்! மோட்டார் மின்வலையின் 60 ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடுவதால் சுருதி நகராது. அதே அமெரிக்க ஆர்கனை மாற்றமின்றி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இணைத்தால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

விதி ஒன்று, குணம் வேறு. மீட்டிய கணத்தில் தந்தியின் ஒலி உச்சத்தில் இருக்கும். பிறகு தேய்ந்துகொண்டே போகும். சக்கரத்துக்குத் தேய்வே கிடையாது. கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி அப்படியே நிற்கும். நம் செவி புதிதாகத் தொடங்கும் ஒலியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஆர்கன் விரித்த தொடர் ஒலியின் மேல் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலும் துல்லியமாகப் பதிகிறது. கிரீன் பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டுகளை (chords) அதிகம் நாடாமல், சாக்ஸபோன் கலைஞர்களைப் போல ஒற்றைச் சுரங்களாகவே வாசித்தது இதற்கு வெகு பொருத்தம்.

பேஸ் வாசிப்பவரின் இடத்தையும் ஆர்கன் கலைஞரே நிரப்புவார். பெரும்பாலும் இடது கையாலும் கால் பெடல்களாலும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் தனக்கு மேலே உள்ள ஒலிகளைச் செவிக்கு மறைத்துவிடும். உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. ஆர்கனின் கனத்த அடித்தளத்தோடு கிட்டாரும் தாழ்வில் மோதினால் இரண்டுமே குழம்பும். கிரீன் தன் ஆம்ப்ளிஃபயரில் பேஸையும் (தாழ்ந்த ஒலி) டிரெபிளையும் (உயர்ந்த ஒலி) குறைத்து, நடு அதிர்வெண்களைக் கூட்டி வைப்பார் என்று சொல்வதுண்டு. ஜாஸ் கிட்டார் என்றாலே தடித்த, மங்கலான தொனி என்றிருந்த காலத்தில் அவருடையது கூர்மையாகக் கேட்பதற்கு அது முக்கியக் காரணம். எனக்கு இந்த ஆல்பத்தின் ஆகப்பெரிய அழகே அந்தக் கூர்மைதான்.

ஆர்கனுக்கும் ஒரு கூர்மை உண்டு. கட்டையை அழுத்தும்போது உள்ளே ஒன்பது மின்தொடர்புகள் மிகச் சிறு இடைவெளிகளில் மூடுவதால் ‘க்ளிக்’ என்ற சத்தம் எழும். வடிவமைத்தவர்கள் அதைக் குறையாக நினைத்தார்கள். ஜாஸ் கலைஞர்களோ தாளத்துக்கு அது தரும் துள்ளலை விரும்பிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இரண்டே நாள் கழித்து இதே மூவரும் டெனர் சாக்ஸபோனில் ஃப்ரெட் ஜாக்ஸனைச் சேர்த்துக்கொண்டு வில்லெட்டின் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். டெனர் சாக்ஸபோனும் கிட்டாரும் பெருமளவு ஒரே அதிர்வெண் பரப்பைப் பகிர்பவை. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதல் ஆல்பத்தில் நடுவே கிட்டாருக்கென்று திறந்து கிடந்த இடம் எவ்வளவு பெரியது என்பது காதுக்கே விளங்கும்.