விம்மும் மணி

தென் கொரியாவின் கியோங்ஜு தேசிய அருங்காட்சியக வளாகத்தில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. எடை 18.9 டன். உயரம் மூன்றரை மீட்டருக்கும் மேல். பழைய கொரிய அரசான சில்லாவின் மன்னர் கியோங்தோக் தன் தந்தை சோங்தோக்கின் நினைவாகத் தொடங்கிய வேலை இது. சோங்தோக்கின் பேரன் காலத்தில், 771-ல்தான் முடிந்தது. இன்று அது நாட்டின் தேசியப் பொக்கிஷம்.

மணிக்குள் நாக்கு கிடையாது. முன்பெல்லாம் வெளியே தொங்கும் மரக்கட்டையை ஆட்டி, தாமரை பொறித்த இடத்தில் இடிப்பார்கள். முதல் முழக்கம் அடங்கியதும் ஆழமான ரீங்காரம் ஒன்று மிஞ்சும். அது ஒரே சீராகத் தேயாது. அமுங்கும், எழும், மறுபடி அமுங்கும். சுமார் மூன்று நொடிக்கு ஒரு முறை.

வார்ப்பு சரியாக வராமல் போனதால் உலைக்குள் ஒரு குழந்தையைப் போட்டார்கள், அதுதான் அம்மாவைத் தேடி அழுகிறது என்று ஒரு கதை உண்டு. ‘எமில்லே மணி’ என்ற பெயரும் அந்த அழுகையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கதைதான். ஆனால் நம் இயற்பியல் பாடநூலில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு என்ன பெயர் தெரியுமா? விம்மல்!

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். இரண்டு தந்திகள் மயிரிழை விலகியிருந்தால் ஒலி ‘வ்வம்... வ்வம்...’ என்று அலையும். சேரச் சேர அலை மெதுவாகும்.

சரி, ஒரே மணியில் இரண்டு தந்தி எங்கிருந்து வந்தது? அடி விழுந்ததும் மணியின் வாய் லேசாக நீள்வட்டமாகிறது. அடுத்த கணம் குறுக்குவாட்டில் நீள்கிறது. நொடிக்குச் சுமார் 64 முறை. இதே அதிர்வு 45 பாகை திரும்பிய நிலையிலும் நடக்கும். மணி அப்பழுக்கற்ற வட்டமாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே வேகம்தான். ஆனால் இதன் உடம்பில் பறக்கும் தேவகன்னியர் இருக்கிறார்கள், எழுத்துகள் இருக்கின்றன, வார்ப்பின் கனமும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. அதனால் இரட்டையரில் ஒன்று துளி பிந்துகிறது. வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸில் (நொடிக்கு ஓர் அதிர்வு) மூன்றில் ஒரு பங்குதான். மூன்று நொடிக்கு ஒரு விம்மல் என்ற கணக்கு அங்கேதான் பிறக்கிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் அதிர்வைச் சீக்கிரம் விழுங்காது. அதனால்தான் அந்த விம்மல் நம் காதுக்கு எட்டும்வரை நிற்கிறது.

அடிக்கும் இடமும் முக்கியம். இரட்டையரில் ஒன்று அசையாமல் நிற்கும் கோட்டில் கட்டை பட்டால், மற்றது மட்டும் ஒலிக்கும். மணி முழங்கும், விம்மாது. தாமரைமேல் பட்டால் இரண்டும் சேர்ந்து எழுகின்றன.