பிரேக் இன்ஸ்பெக்டரின் காலும் மளிகைக்கடைத் தராசும்

பொள்ளாச்சிப் பக்கம் வாடகைக் கார் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முன்னெல்லாம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியில ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போகச் சொல்லி, 'பிடி'ம்பார். இப்போ மெஷின்ல உருளை மேல நிறுத்தியே பிரேக்கைச் சொல்லிடுறாங்களாம். ஓடாத வண்டியில பிரேக்கை எப்படி சார் அளக்க முடியும்?"

வண்டி ஓடவில்லைதான். ஆனால் அங்கே ரோடு ஓடுகிறது.

வெள்ளை போர்டுக்காரர்களுக்கு இந்த அனுபவம் குறைவு. சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு தொல்லையில்லை. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி. தானியங்கிச் சோதனை மையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்தது. சோதிப்பவரின் அதிகாரப்பூர்வப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். அப்படி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் பார்க்கும் பத்து வேலைகளில் எது உயிர் காக்கும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

மற்ற சோதனைகள் சுலபமாகப் புரிபவை. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கக் கூடாது. புகை, ஹாரன், வைப்பர், சீட் பெல்ட். சரி, உருளைக்கு வருவோம்.

தரையில் ஒரு பள்ளம். அதில் சக்கரத்துக்கு இரண்டு உருளை வீதம், ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு நான்கு. மேற்பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்கும். முன்சக்கரங்களை அதில் இறக்கி, கியரை நியூட்ரலில் போட்டால், மோட்டார் உருளைகளைச் சுற்றும். உருளை சக்கரத்தைச் சுற்றும். வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். இப்போது ஓட்டுநர் மெல்ல பிரேக்கை மிதிக்கிறார். சக்கரம் நிற்கப் பார்க்கிறது, மோட்டார் விடமாட்டேன் என்கிறது. இந்த மல்லுக்கட்டின் பலம்தான் நமக்கு வேண்டிய எண்.

அதை எடுக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவரில் டிரில்லிங் மெஷினால் துளை போடும்போது முனை சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மெஷின் நம் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. எந்த மோட்டாரும் எதையாவது ஒருபக்கம் திருப்பினால், அதன் உடம்பு மறுபக்கம் திரும்பத் துடிக்கும். வழக்கமாக மோட்டாரைப் போல்ட் போட்டு இறுக்கி அந்தத் துடிப்பை அடக்கிவிடுவோம். இங்கே வேண்டுமென்றே மோட்டாரை ஆடும்படி தொங்கவிட்டு, ஒரே ஒரு இரும்புக் கையால் மட்டும் தடுத்திருக்கிறார்கள். பிரேக் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு மோட்டார் முறுக்கிக்கொள்ள, அந்தக் கை ஒரு உலோகத் துண்டின்மேல் அழுத்தும். கையின் நீளம் 40 செ.மீ., உருளையின் ஆரம் 10 செ.மீ. என்றால், கை 500 நியூட்டன் அழுத்தும்போது டயர் பிடிக்கும் விசை 2,000 நியூட்டன். நெம்புகோல் கணக்குதான்.

அந்த உலோகத் துண்டு மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதன் பெரிய அண்ணன். அதன்மேல் கோலம்போல் வளைந்து வளைந்து போகும் மெல்லிய உலோகத் தகடு ஒட்டியிருக்கும். துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, தகடு இழுபட்டு அதன் மின்தடை மாறும். 350 ஓம் இருந்தால் மாற்றம் ஒரு ஓம் கூட வராது. அந்தத் துளி மாற்றத்தைப் பிடிப்பது வீட்ஸ்டோன் சமனச்சுற்று. பிளஸ் டூ ஆய்வகத்தில் மார்க்குக்காகச் செய்துவிட்டு மறந்தோமே, அதேதான். வெங்காயத்தையும் பிரேக்கையும் ஒரே தந்திரம் எடை போடுகிறது.

இரண்டு உருளைக்கும் நடுவே ஒரு குட்டி உருளையும் உண்டு. அது சக்கரம் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மட்டும் பார்க்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும், டயர் தேயாமல் இருக்க.

ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும்? 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே 2,000 நியூட்டனோடு மல்லுக்கட்ட, ஒரு சக்கரத்துக்கே 33 கிலோவாட் தேவை. மெதுவாகச் சுற்றினால் மூன்று கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். இதில் ஒரு குறையும் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு தளருமே, அது இந்த மெஷினுக்குத் தெரியாது.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனின் ஒன்பது வயது மஞ்சள் போர்டுக் காரோடு ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். முந்தின இரவே பம்பருக்குப் பெயிண்ட், காலையில் புது எலுமிச்சம்பழம். எலுமிச்சையோடு எனக்குச் சண்டையில்லை, பெயிண்டோடுதான். எஃப்சி என்றால் பளபளப்பு என்று நம்மவர்கள் நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

திரையில் எண்கள் வந்தன. முன்பக்கம் 1,950, 1,900. பின்பக்கம் இடது 1,100, வலது 700. நான்கையும் கூட்டினால் 5,650 நியூட்டன். டன் எடையுள்ள வண்டிக்கு இது எடையில் ஏறக்குறைய 58 சதவீதம். மணிக்கு 60-இல் போனால், கால் பெடலில் பட்டபின் சுமார் 25 மீட்டரில் நிற்கும். பிரிட்டனில் 2010 செப்டம்பருக்குப் பின் வந்த கார்களுக்குக் கேட்கும் அளவும் 58 சதவீதம்தான். மொத்தத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்சக்கரங்களுக்கு இடையே 36 சதவீதம் வித்தியாசம். ஈர ரோட்டில் இப்படி ஒருபக்கம் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பப் பார்க்கும்.

"ரெண்டு மாசமா பிரேக் போட்டா லேசா இடதுபக்கம் இழுக்குது தம்பி. ரோடுதான் சாய்வா இருக்குன்னு நினைச்சேன்" என்றார் அண்ணன்.

மெக்கானிக் பின்பக்க வலது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினார். வீல் சிலிண்டர் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்து, லைனர் முழுக்க எண்ணெய் தடவிய தலைபோல் மினுமினுத்தது. புது பிரேக் ஷூ, புது ரப்பர் போட்டபின் மறுமுறை உருளையில் ஏற்றினோம்: 1,060.