டர்போவை மாற்றும் முன் ஆயில் ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு மாதம் முன்பு ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசலைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார்கள். 2009 மாடல், 1,60,000 கி.மீ. ஓடிய வண்டி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. நாலு மாதத்தில் அது இரண்டாவது டர்போ. முதல் டர்போ போனபோது வேறொரு இடத்தில் புதிது மாட்டியிருக்கிறார்கள். “அவங்க போட்டது டூப்ளிகேட்டாத்தான் இருக்குமுங்க, நீங்க ஒரிஜினல் போட்டுக் குடுங்க” என்றார் வண்டிக்காரர். நான் டர்போ பக்கமே போகவில்லை. முதலில் ஆயில் ஃபில்டர் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே இருந்த பேப்பர் எலிமெண்ட் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அடி வளையத்தில் பசை விட்டு, பேப்பர் தனியே பிரிந்து தொங்கியது. சுண்டுவிரல் நுழைகிற சந்து. அந்தச் சந்து வழியாக ஆயில் வடிகட்டப்படாமலே நேராக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. டர்போ மாற்றியவர்கள் ஆயிலும் மாற்றியிருக்கிறார்கள், ஃபில்டரும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மாட்டுவது எந்தத் தரத்து ஃபில்டர் என்று பார்க்கவில்லை.

“ஆயில் லைட் ஒரு நாளும் எரியலையேங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிறைய மெக்கானிக்குகளும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்த லைட் பிரஷரை மட்டும்தான் பார்க்கும், ஆயில் சுத்தமா என்று பார்க்காது. கிழிந்த ஃபில்டரில் பிரஷர் குறையாது, அழுக்குதான் தாராளமாகப் போகும். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அடைப்பு கூடும்போது பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். ஆயில் இல்லாமல் எஞ்சின் சீஸ் ஆவதைவிட அழுக்கு ஆயிலாவது போகட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. சாதாரண எஞ்சின் அதைக் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளும். டர்போ தாங்காது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய ஆயில் படலம். கண்ணுக்குத் தெரியாத துகள் போதும், பேரிங்கில் கோடு விழுந்துவிடும்.

சரி, அந்தத் துகள் எங்கிருந்து வந்தது? பழைய ஃபில்டரை யாரும் குப்பையில் போட வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். எலிமெண்ட் பேப்பரைக் கத்தியால் வெட்டி எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, செய்தித்தாள் மேல் வைத்து அழுத்தி ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே மெதுவாக ஓட்ட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின், கேம், அல்லது ஆயில் பம்ப் பக்கம் தேட வேண்டும். ஒட்டாமல் மஞ்சளாக மினுக்கினால் பித்தளை அல்லது செம்பு, அதாவது டர்போ பேரிங்கோ கனெக்டிங் ராடு பேரிங்கோ தேய்கிறது. தகர டப்பா ஃபில்டராக இருந்தால் ஹேக்ஸா போட்டு அறுக்காதீர்கள். அறுத்த தூளே உள்ளே விழுந்து நம்மைக் குழப்பிவிடும். உருட்டி வெட்டுகிற கட்டர்தான் சரி.

அந்த ஸ்விஃப்ட் பேப்பரில் மஞ்சள் மினுக்கம் நிறையவே இருந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினால் அதன் அடியிலும் அதே தூள். முதல் டர்போ உடைந்தபோது உதிர்ந்தது சம்பிலேயே தங்கிவிட்டது. அதை யாரும் கழுவவில்லை. தரமில்லாத ஃபில்டரால் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. முதல் டர்போவின் தூளே இரண்டாவது டர்போவைத் தின்றுவிட்டது.

இந்த 1,248 சிசி எஞ்சின் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் வந்தது. நல்ல எஞ்சின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. இதில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அதனால் ஆயில் வழியில் கோளாறு வந்தால் டர்போவோடு நிற்காது, செயினுக்கும் போகும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மூன்று நாலு விநாடி கடகடவென்று சத்தம் கேட்டு அடங்குகிறதா? ராத்திரி ஃபில்டரில் நிற்க வேண்டிய ஆயில் கீழே இறங்கிவிடுகிறதா, செயின் தளர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று விடாதீர்கள்.

லைட் எரிந்துவிட்டால் கதையே வேறு. பெரும்பாலும் பிரஷர் அரை பாருக்குப் பக்கத்தில் விழுந்த பிறகுதான் அது எரியும். நாம் டயரில் பிடிக்கும் காற்றில் கால் பங்கு அளவு. உடுமலையில் சிவப்பு லைட் மின்னி மின்னி எரிந்தும் பொள்ளாச்சி வரை ஓட்டி வந்த ஒருவர், “அப்பப்ப அணைஞ்சிருச்சுங்க” என்றார். ரேஸ் கொடுத்தால் அணையும், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது எரியும். அது பிரஷர் விளிம்பில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். எரிந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இழுவை வண்டிக் கூலி எஞ்சின் வேலையில் ஒரு சின்னப் பங்குதான்.

அந்த நிலையில் வரும் வண்டிக்கு சென்சாரை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் ஓட்டையில் முள் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அளக்க வேண்டும். சூடான ஐடிலில் பொதுவாக ஒரு பார் அளவாவது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்து, அளவும் ஏறியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகி ஆயில் நீர்த்துவிட்டது. அது இல்லையென்றால் அடுத்த சந்தேகம் சம்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் சல்லடை. சம்ப் ஒட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுகிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, ரப்பர் புழு மாதிரி உதிர்ந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். நானே அப்படி ஒரு கொத்து எடுத்திருக்கிறேன். மெல்லிய கோடு போதும், வழிய வழிய வேண்டாம்.

பல வருஷம் சரியாக ஆயில் மாற்றாத எஞ்சினுக்கு ஃபிளஷிங் ஆயில் ஊற்றிக் கழுவுவதை நான் செய்வதில்லை. படிந்திருக்கும் கசடு மொத்தமாகப் பெயர்ந்து அதே சல்லடையைத்தான் அடைக்கும். 2,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் இரண்டு தடவை மாற்றினால் கசடு கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். அதற்குப் பிறகு 10,000 என்று புத்தகம் சொன்னாலும் பழைய டர்போ வண்டிக்கு 7,500தான் என் கணக்கு. ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஃபில்டர் வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து உயரம், ஓட்டை, மடிப்பு எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். மடிப்பு பாதியாக இருந்தால் அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மூடியின் ஓ-ரிங் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் விரிசல் விடும். சொல்லியிருக்கும் டார்க் (முறுக்கும் விசை) அளவோடு நிறுத்துங்கள்.

அந்த ஸ்விஃப்டுக்கு சம்ப், ஸ்ட்ரெய்னர், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் எல்லாம் கழுவினோம். டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பைக் கழுவவில்லை, புதிதே போட்டோம். உள்ளே கரி பிடித்த பைப்பைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புது டர்போவின் ஆயில் துளையில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, தண்டைக் கையால் சுற்றி, எரிபொருள் போகாமல் செய்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். அப்புறம்தான் ஸ்டார்ட்.

1,000 கி.மீ. கழித்து வரச் சொல்லியிருந்தேன். போன வாரம் வந்தார். ஃபில்டரைக் கழற்றி, அவர் எதிரிலேயே வெட்டி வெயிலில் விரித்தேன். கறுப்புக் கரி மட்டும்தான் இருந்தது. காந்தத்தை அவரே வாங்கி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை.