மரத்தைக் கையால் பிடிக்காதீர்கள்

என் இடது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. பதினேழு வயதில் யன்னல் நிலைக்குத் துளை எடுக்கும்போது, மரத்தை இடக்கையால் அமத்திக்கொண்டு வலக்கையால் உளியைத் தள்ளினேன். மரம் வழுக்கியது. உளி கைக்குள் இறங்கியது. நான்கு தையல். இன்று யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் பட்டறைக்கு வேலை பழக வரும் பெடியளின் இடக்கையைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏற்கெனவே வேறிடத்தில் வேலை செய்துவிட்டு வருபவர்களில் பலருக்கு அதே இடத்தில் அதே தழும்பு.

கேட்டால், "அண்ணை, மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் வாங்கக் காசில்லை" என்பார்கள். உண்மைதான். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் கைக்கெட்டாத விலை. ஆனால் மரத்தைப் பிடிக்க இரும்புதான் வேண்டும் என்றில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது.

எனக்கு ஆப்புத்தான் முதல் துணை. வேலை மேசையான வாங்கின் மேல் இரண்டு சட்டங்களை ஆணியால் இறுக்குங்கள். ஒன்று நேராக, மற்றது கொஞ்சம் சரிவாக. சீவவேண்டிய பலகையை நேர்ச்சட்டத்தோடு அணைத்து வைத்து, மறுபக்க இடைவெளியில் ஆப்பைச் செருகிக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். ஆறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலச் சரிவு. அதைவிடக் கூடினால் ஆப்பு பின்வாங்கும். சரிவுச் சட்டத்துக்கும் அதே சரிவைக் கொடுங்கள்.

இதில் பலர் விடும் பிழை, ஆப்பு வைக்கும் திசை. ஒடுங்கிய முனை சீவுளி போகும் பக்கம் பார்க்கவேண்டும். அப்போது ஒவ்வொரு தள்ளலும் ஆப்பை இன்னும் இறுக்கும். மாறி வைத்தால் ஒவ்வொரு தள்ளலும் கழற்றும். சட்டமும் ஆப்பும் பலகையைவிடத் தாழ்ந்திருக்கட்டும், இல்லையென்றால் சீவுளியின் வாய் போய் முட்டும்.

ஆப்புக்குக் காய்ந்த பூவரசு நல்லது. வேலி மாற்றும்போது கழிக்கிற பழைய கதியாலே காணும். வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பனஞ்சிலாகை சட்டத்துக்கு உதவும், ஆப்புக்கு வேண்டாம். தலையில் அடி விழ நார்நாராகப் பிரிந்து, சிலாம்பு கையில் ஏறும்.

வாளால் அறுக்கும்போது மரத்தைத் தாங்க அறுப்புப் பலகை. அதற்கு ஓரடிப் பலகை ஒன்று எடுங்கள். ஒரு முனையில் மேலே ஒரு கட்டை, மறு முனையில் கீழே ஒரு கட்டை. கீழ்க்கட்டை வாங்கின் விளிம்பில் கொளுவும். வாளை முன்னே தள்ளும்போது மரம் மேல்கட்டையில் தானாக அணைந்து நிற்கும். கட்டைகளைப் பசையும் மரமுளையும் போட்டுப் பொருத்துங்கள். ஆணி அடித்தால் ஒரு நாள் வாள் அதில் ஏறும், பல் போகும்.

கதிரைக் கால் வெடித்தால், ஒட்டிவிட்டு அமத்திப் பிடிக்கப் பழைய சைக்கிள் ரியூப் இருக்கிறது. வால்வை வெட்டி எறிந்து, நீளவாக்கில் ஓரங்குல அகலமாகக் கிழித்து, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சுற்றுக்குச் சுற்று அழுத்தம் கூடும். வளைந்த இடத்திலும் படியும், மரத்தில் தழும்பும் விழாது. வெள்ளைப் பசை றப்பரில் அவ்வளவாக ஒட்டாது, அடுத்த நாள் உரித்து எடுக்கலாம்.

இவையெல்லாம் கைக் கருவிக்கு மட்டும். கிறைண்டர், ரூட்டர், மின்வாள் என்று வந்தால் அதிர்வில் ஆப்பு கழன்றுவிடும். அதற்குக் கடன் வாங்கியாவது திருகி இறுக்கும் ஜீ கிளாம்ப் இரண்டு வாங்குங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எதில் கட்டினாலும் முதல் வெட்டுக்கு முன் மரத்தை வெட்டும் திசையில் ஒருமுறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். உளி பிடிக்கும்போது இரண்டு கையும் கூருக்குப் பின்னால்.

புதிதாக வருபவருக்கு முதல் கிழமை நான் கதிரை, அலுமாரி வேலை கொடுப்பதில்லை. ஒரு அறுப்புப் பலகை, நாலு ஆப்பு. செய்து முடித்தால் அவை அவருக்கே.